கடல்மேல் சாலை போட்ட மந்திரி

நாஹாவுக்கு வருகிறவர்கள் ஷூரி அரண்மனையைப் பார்க்கத்தான் குன்றேறுகிறார்கள். எனக்கோ அதன் அடிவாரத்தில் இருக்கும் ரியூதான் குளத்தை விட்டு நகர மனம் வரவில்லை. ஒகினாவா இன்று ஜப்பானின் ஒரு மாநிலம். அன்று ரியூக்யூ என்ற தனி அரசு. அதன் தலைமை அமைச்சர் காய்கி, சீனாவிலிருந்து வந்தவர். அவர் வெட்டிய குளம் இது.

1427-இல் நட்ட ஒரு கல்வெட்டு இந்தச் செய்தியைச் சொல்கிறது. ஒகினாவாவின் மிகப் பழைய கல்வெட்டு அதுதான். காய்கி சீனா போய் அங்குள்ள மலைகளையும் சடங்குமுறைகளையும் பார்த்துத் திரும்பி, குளம் தோண்டி, கரையெங்கும் மரம் நட்டாராம். பிறந்த நாட்டுக்கே வேற்று நாட்டு மந்திரியாகப் போய், கண்டு மகிழ்ந்ததைப் புகுந்த ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்! மரநிழலில் நின்று அதை நினைக்க நினைக்க எனக்கு மெய்சிலிர்த்தது.

மறுநாள் மோனோரயிலில் மியேபாஷி நிலையத்தில் இறங்கி நடந்தேன். சுற்றிலும் கடைகள், அடுக்குமாடிகள். காய்கி காலத்தில் இங்கே கடல். நாஹா அப்போது தனித்தீவு. சீனப் பேரரசரின் தூதர்கள் வந்தால் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலமாக்கித்தான் கரைசேர்ப்பார்கள். 1451-இல் காய்கி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்கரை எழுப்பி, தீவை நிலத்தோடு இணைத்தார்.

அந்நியர் கையில் இவ்வளவு பொறுப்பு எப்படி வந்தது? சீனாவை ஆண்ட மிங் அரசு தனியார் கடல் வாணிகத்தைத் தடை செய்திருந்தது. திறை கொண்டுவரும் நாட்டுக்கே சீனச் சந்தை திறக்கும். அதற்கு முறையான சீனக் கடிதம் வேண்டும், அரண்மனை மரியாதைகள் தெரிய வேண்டும், கப்பலோட்டவும் ஆள் வேண்டும். நாஹாவின் குமே குடியிருப்பில் ஃபூஜியன் மாநிலக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தன. காய்கி தன் பெயரிலேயே பாலெம்பாங்கின் சீனத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஸ்ரீவிஜயம் என்று நாம் படித்த அதே பாலெம்பாங்!

என் மனத்தை விட்டு அகலாதவர் காய்கிக்கு முந்தியவரான செங் ஃபூ. கடலோரத்துக்காரர்கூட அல்ல, பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென் அடங்கிய ராவ்ஜோ வட்டாரத்தவர். சத்தோ மன்னர் காலம் தொட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ரியூக்யூவுக்கு உழைத்தார். 1411-இல், 81 வயதில், சொந்த ஊர் திரும்ப வேண்டும் என்ற அவர் விருப்பத்தை ரியூக்யூ அரசு சீனப் பேரரசரிடமே எடுத்துச் சொன்னது. யோங்லே பேரரசர் இசைந்தார். ரியூக்யூவின் தலைமை அமைச்சர் என்ற பட்டத்தையும் கொடுத்துத்தான் அந்தக் கிழவரை ஊருக்கு அனுப்பினார். அதே ஆணையில் வாங் மாவோ என்ற இன்னொரு சீனருக்கும் அந்தப் பதவி கிடைத்தது. தீவின் வேலை நிற்கவில்லை.