பாலைவனத்தில் அரை யூனிட்!

பெரியப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பில் கட்டாதவர் வீட்டு ஃபியூஸ் கேரியரை ஈவு இரக்கமில்லாமல் பிடுங்கிக்கொண்டு போனவர். அப்பேர்ப்பட்டவரின் ஃபியூஸையே போன ஜனவரியில் ஒரு ராத்திரி அரிசோனா பாலைவனம் பிடுங்கிவிட்டது. பக்கத்துப் படுக்கையில் நடுங்கிக்கொண்டிருந்த சாட்சி, அடியேன்.

பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், பீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறார். செகண்ட் ஹாண்டில் ஒரு ஆர்.வி. வாங்கியிருந்தார். ஆர்.வி. என்றால் சக்கரம் வைத்த ஒண்டுக்குடித்தனம். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உண்டு. ஹவுஸ் ஓனர் மட்டும் கிடையாது!

பெரியம்மா போன பிறகு டி.வி.யே கதி என்று உட்கார்ந்துவிட்ட அப்பாவை வெளியே கூட்டிப் போகத்தான் அந்த வண்டி. ஆனால் அவருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும். முகத்தில் மாஸ்க் மாட்டி, காற்றை அழுத்தித் தள்ளும் 'சிபாப்' மெஷின் ஓடினால்தான் தூக்கம். கரன்ட் இல்லாத இடத்தில் அது எப்படி ஓடும்? அதற்குத்தான் கூரையில் சோலார்.

ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் கூரை ஏறினோம். 100 வாட் பேனல் ரெண்டு. கிளாம்ப் வைத்து ஸ்க்ரூ முடுக்கி, ஒவ்வொரு ஓட்டை மேலும் சீலன்ட்டை தோசைமாவு மாதிரி ஊற்றினோம். (ஒழுகினால் கூரையே உளுத்துப் போகும் சார்!) ஒயரை உள்ளே இறக்கி, சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, அப்புறம் பேனல் என்று வரிசை மாறாமல் கொடுத்தோம். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"லோடு எவ்வளவுன்னு எழுதினியாடா?"

"சூரியன் ஃப்ரீதானேப்பா" என்றார் அண்ணன்.

பீனிக்ஸிலிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் குவார்ட்ஸ்சைட். 2020 கணக்குப்படி ஊர் ஜனத்தொகை 2,400 சொச்சம். குளிர்காலம் வந்தால் பாலைவனம் முழுக்க ஆர்.வி.க்கள் வந்து திருவிழாக்கூட்டம்! மத்திய அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பர்மிட் வாங்கித் தங்கலாம். கரன்ட் கம்பம் கிடையாது. ஜெனரேட்டரா? ராத்திரி 10 முதல் காலை 6 வரை மூச்!

ஊருக்குள் கல்லாலான ஒரு சின்ன பிரமிடு, உச்சியில் ஒட்டகம். 1856-ல் அமெரிக்க ராணுவத்துக்காக ஒட்டகங்களோடு கடல் தாண்டி வந்த ஹாஜி அலியின் சமாதி. பெயர் வாயில் நுழையாமல் அமெரிக்கர்கள் அவரை 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள். 1902-ல் இங்கேயே இறந்துபோனார். பெரியப்பா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "ஊருக்குத் திரும்பவே இல்லையாடா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று ராத்திரி 3 மணி. இன்வெர்ட்டர் 'கீ'யென்று அலறி அணைந்தது. சிபாப் நின்றது. ஹீட்டரும் நின்றது. பெரியப்பா மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினார். விடியும்வரை அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

காலையில் "இன்னும் ரெண்டு பேனல் வாங்கிடறேன்" என்றார் அண்ணன்.

"வேண்டாம். இந்த வண்டியில எக்ஸ்ட்ரா லோடு நான்தான். என்னை வீட்டுல விட்டுடு."

யாரும் பேசவில்லை. நான்தான் நோட்டை எடுத்தேன். பி.காம். படித்தது வேறு எதற்கு? பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். பேட்டரி 100 ஆம்பியர் அவர், 12 வோல்ட். பெருக்கினால் 1,200 வாட் மணி. ஆனால் ஈய பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுசு குறையும். ஆகவே கைவசம் 600. ஹீட்டர் எரிவது காஸில்தான் என்றாலும், அதன் ஃபேன் பேட்டரியில் ஓடுகிறது. 90 வாட், 5 மணி நேரம், 450. விளக்கு, பம்ப், போன் 100. அடுத்த வரியை பெரியப்பா நோட்டை வாங்கித் தானே எழுதினார்: 'நான் - 500.'

கூட்டினால் 1,050. பட்டப்பகல் கொள்ளை! அதுவும் பேனல் நாளெல்லாம் சம்பாதிப்பது 500 வாட் மணி. நம்மூர் கரன்ட் பில்லில் அரை யூனிட்!

அண்ணன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க 500 இல்லப்பா. மெஷினோட வெந்நீர்த் தொட்டியும் நடுவுல இருக்கிற இன்வெர்ட்டரும்தான் பாதியைத் தின்னுது" என்றார். தொட்டியை அணைத்து, பேட்டரியில் நேராக மாட்டும் ஒயர் போட்டால் 240-தான். 500-ஐ அடித்துவிட்டு 240 என்று எழுதினார். ஹீட்டரைக் குறைத்து இன்னொரு கம்பளி போட்டால் 270. மொத்தம் 610.

வரவுக்கு வழி சொன்னது பக்கத்து வண்டி கனடாத் தாத்தா. ஜனவரியில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகிறது, பேனலைப் படுக்க வைத்தால் எப்படி? தெற்குப் பார்க்கச் சாய்த்து முட்டுக் கொடுத்தார். சாயங்காலம் கன்ட்ரோலரில் முக்கால் யூனிட்! ஏரியல் கம்பி நிழல் பேனலில் விழுந்ததையும் அவர்தான் காட்டினார். கையளவு நிழலே பேனலின் சம்பாத்தியத்தில் பெரும்பங்கைப் பிடுங்கிவிடுமாம். புதுப் பேனல் வாங்கவில்லை. சேமிப்புக்கு மட்டும், பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் ஒன்று. அதில் முக்காலே மூணுவீசம் எடுத்தாலும் பயமில்லை.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. 3 மணி ஆயிற்று, 4 ஆயிற்று. மெஷின் 'உஸ்' என்று ஓடிக்கொண்டே இருந்தது.

காலையில் தொண்டை வறண்டதென்று ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார் பெரியப்பா. கன்ட்ரோலரில் ரீடிங் எடுத்து நோட்டில் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார்: 'பாக்கி இல்லை.'

"அடுத்த வருஷமும் வரலாமாப்பா?"

"வரலாம். ஆனா உன் தம்பியை ஊர்லயே விட்டுடு. ராத்திரி பூரா போனை சார்ஜ்ல போட்டு வைக்கறான்!"