காந்தி ரோட்டில் ஒரு கோடை

2020 மார்ச்சில் அக்காவுக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துக்கொண்டிருந்தவள். வேலூர் சி.எம்.சி.யில் மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, வாரத்தில் ஐந்து நாள் பஸ்ஸில் போய்வந்தோம். கொரோனா ஊரடங்கில் மார்ச் 24 மாலையோடு பஸ் நின்றது. அதற்குச் சில மாதம் முன்புதான் வேலூரிலிருந்து எங்கள் திருப்பத்தூர் மாவட்டத்தைப் பிரித்திருந்தார்கள். நேற்றுவரை எங்கள் மாவட்டத் தலைநகராக இருந்த ஊருக்குப் போக, எல்லைச் சாவடியில் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்ட வேண்டியதாயிற்று.

நடுவில் நிறுத்தக்கூடாத வைத்தியம் அது. எதிர்வீட்டு ஆட்டோ பாய் முதல் நாளே வாசலில் வந்து நின்றார். "ஏறும்மா, காசு பிறகு பார்த்துக்கலாம்" என்றார். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. டீசலுக்குமேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அக்காவால் அவ்வளவு தூரம் தாங்க முடியாமல் போனதும் வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம்.

அங்கேதான் அடைபட்ட மனிதர்களைப் பார்த்தேன். வங்காளம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். 1986லேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிய ஆஸ்பத்திரி என்பதால் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளோடு வந்தவர்கள் நிறைய. ஊரிலிருந்து பணம் வரவில்லை, ரயில் இல்லை. அடுத்த அறை வங்காளித் தாய்க்கு என் பாஷை தெரியாது. வாடகை ஸ்டவ்வில் நான் சோறு வடிப்பேன், அவர் பருப்பு வைப்பார். நான்கு பேரும் சாப்பிடுவோம்.

அவர் மகனுக்கு பிளேட்லெட் தேவைப்பட்டது. அதைச் சேமித்து வைக்க முடிவது ஐந்து நாள்தான். கல்லூரிகள் மூடியிருந்தன, ரத்ததான முகாம்கள் நின்றுபோயின. பணம் இருந்தாலும் கடையில் கிடைக்கிற பொருளா அது? ஆட்டோ பாயிடம் சொன்னேன். நோன்பு தொடங்கியிருந்த நேரம். நோன்பு திறந்த கையோடு இரண்டு பையன்களைக் கூட்டிவந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து, ஷாப் மூடியதால் சம்பளமில்லாமல் இருந்தவர்கள். ஒருவர் பின் ஒருவராக மெஷினில் ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்து, போலீஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஊர் திரும்பினார்கள். குழந்தையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அக்காவோடு தைத்த பெண்களும் வேலையில்லாமல்தான் இருந்தார்கள். ஆளுக்கு நூறு, ஐம்பது என்று சேர்த்துக் கொடுத்தனுப்பினார்கள். அதைவிடப் பெரிய உதவி, அவர்களில் ஓர் அக்கா போனில் சொன்ன ஒரு தகவல்: தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கால உதவி 91 நாளோடு முடியும். ஆனால் புற்றுநோய் மாதிரி நீண்டகால நோய் என்றால், தொடர்ந்து இரண்டு வருடம் வேலையில் இருந்து, போதுமான நாள் சந்தா கட்டியவர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு வருடம்வரை கிடைக்கும். எங்களுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அக்கா வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் பணத்தில்தான்.

மே மாதம் காட்பாடியிலிருந்து வடக்கே சிறப்பு ரயில்கள் விட்டார்கள். வங்காளித் தாயும் மகனும் ஒன்றில் போனார்கள். பிறகு அக்கா மறுபடியும் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

ஷூ கம்பெனியிலோ தோல் ஷாப்பிலோ உங்கள் பக்கத்தில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால், இ.எஸ்.ஐ. விஷயத்தை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறவர்கள், பிளேட்லெட் கொடுக்க ரத்த வங்கியில் பெயர் எழுதி வையுங்கள்.