யார் ஒதுக்கிய தண்ணீர்?

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நவஹோ பழங்குடியினரின் தண்ணீர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். 1868 ஒப்பந்தப்படி அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கிய அரசு, அங்கே தண்ணீர் கிடைக்கச் செய்ய முயற்சி எடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை என்றது பெரும்பான்மை. நிலத்தோடு தண்ணீர் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை. உரிமை உண்டு, அதை நிறைவேற்றும் கடமை யாருக்கும் இல்லை. இது என்ன உரிமை, எங்கே பிறந்தது என்று அறியாமல் என்னால் அந்தத் தீர்ப்பைக் கடந்துபோக முடியவில்லை. அது சுட்டும் பழைய வழக்குகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் படிக்கத் தொடங்கினேன்.

எல்லா வழக்குகளும் கொண்டுபோய் விட்ட இடம், மொன்டானா மாநிலத்தின் வடக்கே ஓடும் மில்க் ஆறு. மொன்டானாவில் பிறந்து, கனடாவுக்குள் போய், திரும்பி வந்து மிசௌரியில் கலக்கும் ஆறு. அதன் தென்கரையில் ஃபோர்ட் பெல்க்னாப். அரசு ஏடுகள் அசினிபோயின், குரோ வாண்ட் என்று எழுதும் இரு பழங்குடிகளின் ஒதுக்கீட்டு நிலம் அது.

அவர்கள் அங்கே ஒடுங்கியது விரும்பி அல்ல. அவர்களுடைய சோறும் உடையும் குடிலுமாக இருந்த காட்டெருமைகள் 1880களின் நடுவில் அநேகமாக அழிந்துவிட்டன. பட்டினி கிடந்த மக்களிடம்தான் 1887 ஜனவரியில் அரசின் ஆணையர்கள் ஒப்பந்தத்தோடு வந்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதற்கு ஒப்புதல் தந்தது. அந்த ஒரே ஒப்பந்தத்தில் வடமொன்டானாப் பழங்குடிகளின் கையைவிட்டுப் போனது சுமார் 1.7 கோடி ஏக்கர். மிஞ்சியவை மூன்று ஒதுக்கீட்டு நிலங்கள். ஃபோர்ட் பெல்க்னாப்பின் வடக்கு எல்லை மில்க் ஆற்றின் நடுக்கோடு என்று எழுதியிருக்கிறார்கள். இந்த மக்கள் இனி உழுது பிழைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. தண்ணீர் யாருக்கு என்று ஒரு வரி இல்லை.

மேற்கு மாநிலங்களில் அன்றும் இன்றும் ஆற்றுநீருக்குப் பெரும்பாலும் ஒரு விதி: முதலில் எடுத்துப் பயன்படுத்தியவனுக்கே முதல் உரிமை. ஆற்றின் மேல்பகுதியில் குடியேறிய வெள்ளை விவசாயிகள் அந்த விதியை நம்பி அணை கட்டி வாய்க்கால் வெட்டினார்கள். அவர்களும் வறண்ட மண்ணில் வியர்வை சிந்தியவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1905இல் மழை பொய்த்தது. தலைமடையில் இருந்தவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொள்ள, கடைமடையில் பழங்குடிகளின் வயல் காய்ந்தது. ஒதுக்கீட்டு நில அதிகாரி வில்லியம் லோகன் வாஷிங்டனுக்கு அவசரமாக எழுதினார். அரசு வழக்கறிஞர் கார்ல் ராஷ், விவசாயிகள்மீது வழக்குத் தொடுத்தார். ‘யார் முதலில் எடுத்தது’ என்ற வாதத்தோடு, 1888 ஒப்பந்தத்தையும் ஓர் ஆதாரமாக மனுவில் சேர்த்தார். நீதிபதி வில்லியம் ஹன்ட் அந்த ஒப்பந்தத்தைத்தான் எடுத்துக்கொண்டார். தங்கள் நிலத்துக்குப் பாய்ச்சத் தேவையான நீரைப் பழங்குடிகள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள் என்றே அந்தக் காகிதத்தைப் படிக்க வேண்டும் என்றார் அவர்.

மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908 ஜனவரி 6 அன்று நீதிபதி ஜோசப் மெக்கென்னா எழுதிய தீர்ப்பு பழங்குடிகளின் பக்கம் நின்றது. நீரில்லாவிட்டால் அந்த நிலம் எதற்கும் உதவாது. பரந்த நிலத்தையும் அதன் ஆறுகளையும் ஆண்டவர்கள், நிலத்தில் பெரும்பகுதியைக் கொடுத்ததோடு மிச்ச நிலத்தை வாழவைக்கும் நீரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்றால் யார் நம்புவது? ஐயம் எழுந்தால் பழங்குடிகளுக்குச் சாதகமாகவே ஒப்பந்தத்துக்குப் பொருள் கொள்ள வேண்டும். இதுதான் அவர் வாதத்தின் சாரம். தீர்ப்பு காத்துக்கொடுத்தது வினாடிக்குச் சுமார் 125 கன அடி. வழக்கு ‘வின்டர்ஸ்’ என்று அறியப்படுகிறது. அது நீரை எடுத்த விவசாயிகளில் ஒருவரின் பெயர். வழக்காடியவர்கள் இருவர், அரசும் விவசாயிகளும். பழங்குடிகளின் பெயர் வழக்குத் தலைப்பிலேயே இல்லை.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு நிறுத்த மனமில்லை. காரணம், அந்தத் தீர்ப்பு ஓரிடத்தில் அரசு நீரை ஒதுக்கியது என்கிறது, இன்னோரிடத்தில் பழங்குடிகள் விட்டுக்கொடுக்கவில்லை என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. மெக்கென்னா மேற்கோள் காட்டும் வழக்குகளில் ஒன்று, 1905 மே மாதம் அவரே எழுதிய வினான்ஸ் தீர்ப்பு. கொலம்பியா ஆற்றில் யாக்கமா மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த இடத்தை, மாநில உரிமம் வாங்கி மீன்பிடிச் சக்கரம் நிறுவியவர்கள் அடைத்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பில் மெக்கென்னா சொன்னது எளிமையானது: ஒப்பந்தம் என்பது அரசு பழங்குடிகளுக்குக் கொடுத்த உரிமைகளின் பட்டியல் அல்ல, பழங்குடிகள் அரசுக்குக் கொடுத்ததன் பட்டியல். கொடுக்காதது எல்லாம் அவர்களுடையதே. லோகன் கடிதம் எழுதுவதற்குச் சில வாரங்களுக்கு முன் வந்த தீர்ப்பு இது.

நான் தேடிப்போன ஊற்று இதுதான். இதை நூலாய்வு என்று தள்ளிவிட முடியாது. அரசு ஒதுக்கியது என்றால் உரிமை ஒதுக்கிய ஆண்டிலிருந்து தொடங்கும். மக்கள் விட்டுக்கொடுக்காதது என்றால் அதற்குத் தொடக்கமே இல்லை. வறட்சி வந்தால் யாருடைய மதகை முதலில் மூடுவது என்பதை அந்தத் தேதிதான் முடிவுசெய்கிறது. 1983இல் ஒரிகன் மாநிலத்தின் கிளமத் மக்கள் வழக்கில், அவர்கள் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் தேவையான நீருக்கு உரிமை நினைவுக்கெட்டாத காலத்திலிருந்து வருவது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 2013இல் அந்த உரிமையை நடைமுறைப்படுத்துமாறு அவர்கள் முதல்முறையாகக் கோரியபோது மேல்பகுதிப் பண்ணைகளின் வாய்க்கால்கள் மூடப்பட்டன.

ஆனால் பெரும்பாலான பழங்குடிகளுக்கு வின்டர்ஸ் தீர்ப்பு தாளில்தான் இருந்தது. 1902இல் பாசனச் சட்டம் இயற்றிய அரசு, மேற்கெங்கும் குடியேறிகளுக்கு அணை கட்டிக் கொடுத்தது. மில்க் ஆற்றிலும் திட்டம் வந்தது. அந்த அணைகளைக் கட்டிய துறையும் பழங்குடிகளின் காவலராகச் சொல்லிக்கொண்ட துறையும் ஒரே உள்துறையின் கீழ் இருந்தன. காவலரே போட்டியாளர் பக்கம் நின்றால் வழக்கில் வென்றும் என்ன பயன்? தண்ணீர் விஷயத்தில் பழங்குடிகளுக்கு அரசு இழைத்தது வெட்கக்கேடான வரலாறு என்பதை 1973இல் தேசிய நீர் ஆணையமே ஒப்புக்கொண்டது.

நவஹோ வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறு என்றே நான் கருதுகிறேன். ஒரு மக்களை ஓரிடத்தில் இருத்தி, அவர்களின் நீருக்குத் தானே காவல் என்று ஏற்றுக்கொண்ட அரசு, அவர்களுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்குப் பார்க்கக்கூட மறுப்பதை நீதி என்று சொல்ல மாட்டேன். ஃபோர்ட் பெல்க்னாப்பையே பாருங்கள். 1908இல் வென்றவர்கள், தங்கள் நீரின் முழு அளவை உறுதிசெய்ய மொன்டானா மாநிலத்தோடு உடன்பாடு கண்டது 2001இல். அதை நிறைவேற்ற காங்கிரஸின் ஒப்புதல் வேண்டும். 2024 முடியும்வரை அது கிடைக்கவில்லை.