ஒரகடத்தில் ஒரு நாய்க்கு ஹாஸ்டல்!

ஒரகடம் கூட்ரோட்டில் காலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற இடம். நாலு திசையிலும் கம்பெனி பஸ்கள். ஏறுகிறவரும் தூக்கத்தில், இறங்குகிறவரும் தூக்கத்தில். முழுசாக விழித்திருப்பவை டீக்கடை வாசல் நாய்கள் மட்டும்தான். எந்த ஷிப்ட் ஆசாமி பொறை வாங்கிப் போடுவார், எவர் கல்லெடுப்பார்... எல்லாம் அத்துப்படி!

ஏரியும் வயலுமாக இருந்த ஊர். 2010-ல் ரெனோ - நிஸ்ஸான் கார் தொழிற்சாலை வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி. 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஜப்பான்காரரும் ஜெர்மன்காரரும் இங்கே வந்தார்கள். பதிலுக்கு நம் பையன்கள் அங்கே போகிறார்கள். எனக்கும் ஜெர்மனிக்கு ஓலை வந்தது. இரண்டு வருடம். நாற்பத்தைந்து நாளில் கிளம்ப வேண்டும்.

சந்தோஷம்தான். ஆனால் 'குடும்ப விவரம்' பாரத்தில் மனைவிக்குக் கட்டம் உண்டு, குழந்தைக்குக் கட்டம் உண்டு. மணிக்கு இல்லை!

மணி, மேற்படி டீக்கடை வம்சம். நாலு வருடமாக என் ரூமில் வாசம். கையோடு கூட்டிப் போகலாம் என்றுதான் கால்நடை டாக்டரிடம் போனேன். அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"முதல்ல மைக்ரோசிப். அப்புறம்தான் வெறிநாய்க்கடி தடுப்பூசி. சிப் இல்லாம போட்ட பழைய ஊசி கணக்குல வராது சார். ஊசி போட்டு 30 நாள் கழிச்சு ரத்தம் எடுக்கணும். ஐரோப்பிய யூனியன் ஒத்துக்கிட்ட லேப்ல சோதிச்சு, எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருக்கணும். ரத்தம் எடுத்த நாள்ல இருந்து மூணு மாசம் காத்திருக்கணும்."

"பாஸானப்புறமும் எதுக்கு சார் மூணு மாசம்?"

"ஊசிக்கு முன்னாலேயே கிருமி உள்ளே போயிருந்தா? பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல வெளியே தெரிஞ்சிடும். அதான். நீங்க ஜெர்மனி, பரவாயில்லை. ஜப்பான்னா 180 நாள்!"

ஆக, எனக்கு நாற்பத்தைந்து நாள். மணிக்கு நாலு மாதம். இதில் இன்னொரு சிக்கல். சொந்த வளர்ப்புப் பிராணி என்று சலுகையில் போக வேண்டுமானால், சொந்தக்காரர் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. மீறினால் வியாபாரச் சரக்குக்கான சட்டதிட்டம். அதாவது, நான் போய்விட்டு லீவில் திரும்பி வந்து மணியை அழைத்துப் போக வேண்டும். அதுவரை அவனை எங்கே விடுவது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு நாய் ஹாஸ்டல் தேடக் கிளம்பினேன். இந்த வட்டாரத்தில் ஆளுக்கு மெஸ் உண்டு, மேன்ஷன் உண்டு, இந்தி போர்டு மாட்டிய டிபன் கடை உண்டு. நாய்க்கு?

வண்டலூர் ரோட்டில் முதல் இடம். வரவேற்பறையில் ஏ.சி., சோபா, சிரிக்கிற நாய் போட்டோ. "உள்ளே பார்க்கலாமா?" என்றேன். "வெளியாட்களைப் பார்த்தா டாக்ஸ் டென்ஷன் ஆகும் சார்" என்றார் அந்தப் பையன். எனக்குத்தான் டென்ஷன் ஆனது. கும்பிடு போட்டேன்.

படப்பை பக்கம் இரண்டாவது. பெரிய தோட்டம். இடம் பிரமாதம். "ராத்திரி யார் இருப்பாங்க?" "சிசிடிவி இருக்கு சார்!" நள்ளிரவில் நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தால் கேமராவா குளுகோஸ் ஏற்றும்? தடுப்பூசி அட்டை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் கேட்காதவர் மற்றவரிடமும் கேட்டிருக்க மாட்டார் அல்லவா? ஒரு நாய்க்கு இருமல் வந்தால் வரிசையாக எல்லாவற்றுக்கும் வரும்.

மூன்றாவது, வல்லக்கோட்டை முருகன் கோயில் தாண்டி ஒரு வீடு. போர்டு இல்லை. ரிடையரான லாரி டிரைவர் ஒருவரும் அவர் மனைவியும். மொத்தமே ஐந்து நாய்கள். தனித்தனி அறை, மேலே ஓலை, கழுவின தரை, தண்ணீர்ச் சட்டியில் பாசி இல்லை. நான் கேட்க எழுதி வைத்திருந்த சீட்டை எடுப்பதற்குள் அந்தம்மா ஆரம்பித்துவிட்டார்.

"ஊசி அட்டை எங்க தம்பி? உண்ணிக்கு மருந்து எப்ப போட்டீங்க? வெடிச் சத்தத்துக்குப் பயப்படுமா? தயிர்சாதம் சாப்பிடுமா, கறிதான் வேணுமா? அவசரம்னா உங்களுக்குப் போன் பண்ணிட்டுத்தான் டாக்டர்கிட்ட போகணுமா, நாங்களே போயிடலாமா?"

இண்டர்வியூவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்!

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது. அங்கே நள்ளிரவு என்றால் ஜெர்மனியில் நான் சமைத்துக்கொண்டிருப்பேன். போன் எடுக்காவிட்டால்? வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: எந்த டாக்டர், எவ்வளவு வரை கேட்காமல் செலவு செய்யலாம், நான் கிடைக்காவிட்டால் என் தம்பி நம்பர். இரண்டு பேரும் கையெழுத்து. பணம் மாதாமாதம்; மொத்தமாக வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கிளம்புவதற்கு முன் இரண்டு ராத்திரி சோதனைக்கு விட்டேன். மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் எட்டிப் பார்த்தேன். மணி திண்ணையில் பெரியவர் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான். நிம்மதி பாதி, பொறாமை பாதி.

வெளிநாடு கிளம்பும் நண்பர்களே, ஆபர் லெட்டர் வாசனை வந்தவுடனேயே நாய்க்குச் சிப் போட்டுவிடுங்கள். ஹாஸ்டல் தேடும்போது ரேட்டை கடைசியில் கேளுங்கள். உங்களை அதிகம் கேள்வி கேட்கிற இடம் எதுவோ, அதுதான் நல்ல இடம்.

ஜெர்மனியில் நாய் வளர்த்தால் நகராட்சிக்கு வரி கட்ட வேண்டுமாம். ஒரகடம் டீக்கடையில் ஓசிப் பொறை தின்று வளர்ந்த பயல், வெளிநாட்டில் வரி கட்டப் போகிறான். எங்கள் பரம்பரையில் இதுவரை யாருக்கும் கிடைக்காத கௌரவம்!