வர்றேம்மா!

"பி.காம். படிச்சவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டுவிட்டு, மனைவி குழந்தையோடு ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

வேலை வேறொன்றுமில்லை. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி. எப்படி நடந்துகொண்டதோ, அப்படியே நடந்துகொள்கிற ஒரு சிமுலேட்டர் புரோகிராமை லேப்டாப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். சிப் கிடையாது, ஒயர் கிடையாது. எல்லாமே பாவனைதான்.

போர்ட் என்றால் கதவு நம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ம் கதவைத் தட்டினால், கீபோர்டில் எந்த விசையை அழுத்தினார்கள் என்று தெரியும். 20-ம் கதவுக்குப் பின்னால் 8259 என்று ஒரு சிப், ஜி.எம். அறை வாசலில் இருக்கும் பி.ஏ. மாதிரி. (நம்பரெல்லாம் ஹெக்ஸ் கணக்கு. 20 என்றால் நமக்கு 32. உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிடாதீர்கள்!)

பிராசஸர் மும்முரமாக இருக்கும்போது குறுக்கே ஒருவர் கூப்பிட்டால், அது இன்டர்ரப்ட். மொத்தம் எட்டு பேர் கூப்பிடலாம். முதல் மரியாதை கடிகாரத்துக்கு. வினாடிக்குச் சுமார் 18 தடவை கூப்பிடும். அடுத்தது கீபோர்டு. பிளாப்பியும் பிரிண்டரும் கடைசி வரிசை.

சிமுலேட்டர் ஓடியது. 'ஏ' அழுத்தினேன், வந்தது. 'பி' அழுத்தினேன். ஊஹூம்! திரையில் கடிகாரம் மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, கொஞ்சம் வாப்பா" என்று உள்ளறையிலிருந்து அம்மா குரல்.

"வர்றேம்மா!"

மூன்றாம் நாள் ராத்திரிதான் விஷயம் பிடிபட்டது. கூப்பிட்டவரைக் கவனித்து முடித்ததும், 20-ம் கதவில் 20 என்று எழுதிப் போட வேண்டும். 'ஆச்சு' என்று அர்த்தம். அது வருகிற வரைக்கும் 8259 அதே ஆளையும், அவருக்குக் கீழே இருப்பவர்களையும் உள்ளே விடாது. மேலே இருக்கிற கடிகாரம் மட்டும் வந்து போகும். பழைய புரோகிராம் ஒழுங்காகத்தான் எழுதிப் போட்டது. நான் செய்த 8259தான் கீபோர்டுக்கான 'ஆச்சு'வை மட்டும் வாங்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது. நாலு வரி சேர்த்தேன். 'பி' வந்தது. 'சி'யும் வந்தது!

குதூகலமாகத் தண்ணீர் குடிக்க எழுந்து போனால், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு அம்மா வருகிறாள். கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமேம்மா?"

"முந்தாநாளே கூப்பிட்டேனேப்பா. வர்றேன்னியே. வருவேன்னுதான் மறுபடி கூப்பிடலை."

"எதுக்கும்மா கூப்பிட்டே?"

"சொட்டு மருந்து விடத்தான். நானே விட்டுக்கறேன், பாதி கன்னத்துல வழியுது."

கட்டிலில் படுக்கவைத்து விட்டேன்.

"ஆச்சுப்பா, நீ போய்ப் படு" என்றாள்.

அடுத்த வேளை மருந்து காலை ஆறு மணிக்கு. அலாரம் வைத்துவிட்டுத்தான் படுத்தேன். கடிகாரத்துக்குத்தானே முதல் மரியாதை!