சைனாடவுனில் எட்டு முறை மோதினேன்

சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி பகோடா ஸ்திரீட் வாசல் வழியே மேலே வந்தால், சிவப்பு விளக்குகளும் நினைவுப் பொருள் கடைகளும் இரண்டு பக்கமும் வரிசைகட்டி நிற்கும். தெரு முடிகிற இடத்தில் மாரியம்மன் கோயில் கோபுரம். 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கிய கோயில் அது. அந்தக் கோபுரத்தை வைத்துத்தான் தெருவுக்கே 'பகோடா' என்று பெயர் வந்தது. இந்த வட்டாரத்துக்கு 'கிரேத்தா ஆயர்' என்று இன்னொரு பெயரும் உண்டு. மலாயில் தண்ணீர் வண்டி என்று பொருள். மாட்டுவண்டியில் குடிநீர் கொண்டுவந்த காலத்துப் பெயர்.

வண்டியின் பெயரைச் சுமக்கும் இந்த இடத்தில்தான், நான் வண்டி ஓட்டும் லட்சணம் எனக்கே தெரியவந்தது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் ஒரு சனிக்கிழமை மாலை என்னை இங்கே இழுத்து வந்தான். பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் 'சிம் ரேசிங்' கூடம். பந்தயக் கார் இருக்கை, ஸ்டீயரிங், பெடல்கள், எதிரே அகலமான திரை. காருக்கான உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிற ஊரில், இளைஞர்கள் கார் ஓட்டும் ஆசையை இப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. ஓட்டுநர் உரிமத் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றவன். இரண்டு முறையும் டெஸ்டர் சரியில்லை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

மரினா பே சாலைப் பந்தயத் தடத்தைத் தேர்ந்தெடுத்தோம். அரை மணி நேரத்தில் எட்டு முறை சுவரில் மோதினேன். மோதியதும் 'ரீஸ்டார்ட்' பொத்தானைத் தட்டுவேன். கார் புத்தம் புதிதாகத் தொடக்கக் கோட்டில் நிற்கும். பொறுத்துப் பார்த்த மருமகன், "மாமா, முதல்ல அந்தப் பொத்தானைத் தொடாதீங்க. அதான் பெரிய கெட்ட பழக்கம். முதல் மூணு வளைவை நூறு தடவை ஓட்டியிருப்பீங்க, கடைசி வளைவு எப்படி இருக்கும்னே உங்களுக்குத் தெரியாது" என்றான்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். வளைவு கண்ணுக்கு எதிரே வந்த பிறகு பதறிப்போய் பிரேக்கை மிதிக்கிறேன். மிதித்தபடியே ஸ்டீயரிங்கையும் முழுதாகத் திருப்புகிறேன். டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. மொத்தத்தையும் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால், திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. நேராகப் போகும்போதே பலமாக மிதிக்க வேண்டும். திரும்பத் திரும்ப காலை மெல்லத் தளர்த்த வேண்டும்.

அடுத்தது பார்வை. முன்னால் போகும் காரின் பின்புறத்தையே வெறித்துக்கொண்டு ஓட்டுகிறேன். அவன் தப்பு செய்தால் நானும் அதே தப்பைச் செய்கிறேன். பின்னால் வருபவனை நான் பார்ப்பதே இல்லை. இடம் இல்லாத இடத்தில் மூக்கை நுழைக்கிறேன். மோதினால் "பெடல் சரியில்லை" என்கிறேன்.

கடைசி வாக்கியம்தான் சுருக்கென்றது. டெஸ்டரைப் பற்றியும் இதே குரலில்தான் நான் சொல்லியிருந்தேன்.

வெளியே வந்ததும், "வாங்க, நிஜ ரோட்டையே பார்த்துடலாம்" என்றான். சவுத் பிரிட்ஜ் சாலையில் நேராக நடந்து, எல்ஜின் பாலத்தைத் தாண்டி, வலப்பக்கம் திரும்பினால் பாடாங் திடல். சாவகாசமாக நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2008-இல் ஃபார்முலா 1-இன் முதல் இரவுப் பந்தயம் நடந்ததிலிருந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலையும் 1910-இல் திறந்த ஆண்டர்சன் பாலமும் அந்தத் தடத்தில் அடக்கம். மற்ற நாள்களில் பேருந்தும் டாக்சியும் போகிற சாதாரணச் சாலைகள்தான். பந்தயத்தின்போது இரு பக்கமும் தடுப்புச் சுவர் எழுப்பிவிடுவார்கள். பிசகினால் ஒதுங்க இடம் கிடையாது.

திடலோரம் இருக்கும் 10-ஆம் வளைவில் மருமகன் நின்றான். 2023 பந்தயத்தின் கடைசிச் சுற்று. இரண்டாவதாகப் போன லாண்டோ நாரிஸை மூன்றாவதாக விரட்டி வந்தார் ஜார்ஜ் ரஸல். நாரிஸின் கார் இங்கே சுவரை லேசாக உரசியது. பின்னாலேயே வந்த ரஸலும் அதே சுவரில் தட்டி, நேரே தடுப்பில் போய் மோதினார். அறுபதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் ஓட்டிய பிறகு, மூன்றாம் இடம் ஒரு நொடியில் போயிற்று.

ஃபார்முலா 1-இல் கார் ஓட்டிய முதல் இந்தியர், நம் கோவையின் நரேன் கார்த்திகேயனும் 2012-இல் இந்தத் தடத்தில் சுவரில் மோதித்தான் வெளியேறினார். கை தேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் நமக்கென்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியது மோதியதற்காக அல்ல, பழியைப் பெடல்மீது போட்டதற்காகத்தான்.

திரும்ப சைனாடவுனுக்கே நடந்து, மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் கரும்புச் சாறு குடித்தோம். மீண்டும் கூடத்துக்குப் போய் இன்னும் அரை மணி நேரத்துக்குப் பணம் கட்டினேன். இந்த முறை ஐந்து சுற்றுப் பந்தயம். இரண்டு இடங்களில் சுவரை உரசினேன். முன்சக்கரம் கோணி, கார் ஒரு பக்கமாக இழுத்தது. பொத்தானைத் தொடவில்லை. கண்ணாடியைப் பார்த்து, வேகமாக வந்தவர்களுக்கு வழிவிட்டு, கடைசி ஆளாக எல்லைக் கோட்டைத் தொட்டேன். மருமகன் கைதட்டினான்.

மூன்றாவது தேர்வு அடுத்த மாதம். அன்றிரவே அக்காவுக்குப் போன் செய்து, "டெஸ்டர் மேல தப்பில்லக்கா. ரெண்டு தடவையும் நான்தான் கண்ணாடியே பார்க்கல" என்றேன்.

"அது எனக்கு முதல்லயே தெரியும்டா" என்றாள் அக்கா.