ஒரு 'டொக்' சத்தத்தின் பின்னால்

எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் வாப்பா வாங்கியது. அவர் வாங்கும்போதே அது பழைய கார். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் 16 இலட்சத்துக்கும் மேலாக உருவாக்கப்பட்ட இந்தக் கார்களில் ஒரு பங்கு எங்கள் தீவுக்கும் வந்தது. டாக்டர்மாரிடமும் பிரக்கிராசிமாரிடமும் ஊழியம் பார்த்துக் களைத்த பிறகு அவை எங்களைப் போன்ற வாத்திமார் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்தது. பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவர்தான். மைனரின் மாதிரி வண்டி தயாரான பிறகு, அகலம் போதாதென்று அதை நடுவே பிளந்து நான்கு அங்குலம் கூட்டினார்களாம். அதனால்தான் பொனட்டின் நடுவில் அந்தத் தட்டையான பட்டை ஓடுகிறது. சிறு வயதில் அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்.

கிண்ணியாவில் கார் வைத்திருந்தவர்கள் 2009 வரை பாதையை நம்பித்தான் இருந்தார்கள். நாங்கள் 'பாதை' என்பது வீதியை அல்ல, வாகனங்களை ஏற்றிக் கடலைக் கடக்கும் அந்தத் தட்டைப் படகை. அதில் ஏறும்போதும் இறங்கும்போதும் சில்லுகள் உப்புத்தண்ணீரைத் தொடும். வாப்பா வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் காருக்கடியில் படுத்துக் கிறீஸ் அடிப்பார். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்ட பிறகு சில்லுக்குத் தண்ணீர் படுவது நின்றது. காற்றிலுள்ள உப்பு நிற்கவில்லை.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது எங்கள் காரும் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றது. யூலையில் கியூஆர் அட்டை வந்து, கிடைத்த சில லீற்றருடன் அதை மீண்டும் வீதிக்கு எடுத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தால் முன்பக்கத்தில் ஒரு 'டொக்', யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுவதைப்போல. உம்மாவை மாதம் இரண்டு தடவை திருகோணமலை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்து ஆசனத்தில் அவர் இருக்கும்போது கேட்கும் சத்தம் தனியாக ஓட்டும்போது கேட்பதைவிடப் பெரிது.

நகரத்துக் கராஜ் ஒன்றில் காட்டினேன். பிரேக் போடும்போது கேட்கிறது, ஆகவே பிரேக்தான் என்றார்கள். நான்கு சில்லிலும் பிரேக் ஷூ மாற்றினார்கள், வீல் சிலிண்டரும் மாற்றினார்கள். என் சம்பளத்தில் பாதி போனது. பிரேக் முன்பைவிட நன்றாகப் பிடித்தது, சத்தமும் முன்பைவிட நன்றாகக் கேட்டது.

கலாசாலையில் எங்களுக்கு உளவியல் படிப்பித்தவர் அடிக்கடி சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. பிள்ளை எந்த நேரத்தில் குழப்படி செய்கிறதோ அந்த நேரத்துப் பாடத்தின் மீது பழியைப் போட்டுவிடாதீர்கள் என்பார். என் வகுப்பில் ஒரு பையன் கணித நேரத்தில் மட்டும் பக்கத்துப் பிள்ளையோடு கதைத்துக்கொண்டே இருந்தான். கணிதம் ஓடவில்லை என்று எல்லோரும் முடிவுகட்டினோம். கரும்பலகையில் அதிகம் எழுதுகிற பாடம் அதுதான். அவனுக்குக் கண் தெரியவில்லை, எழுதியிருப்பதைப் பக்கத்திலிருந்தவனிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்தக் கதையைச் சீனக்குடாப் பக்கம் சின்னக் கராஜ் வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "மாஸ்டர், உங்கட பிரேக்கும் அந்தப் பெடியன் மாதிரித்தான். ஒரு பிழையும் செய்யேல்ல."

அவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பு கேள்வி கேட்டார். மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் கேட்குதா, முதல் தடவை மட்டுமா? பின்னுக்கு எடுத்துப் பிரேக் போட்டால்? பாலத்தில் போகும்போது? நான் கவனித்து வைத்திருந்ததைச் சொன்னேன். முன்னே ஓடி மிதித்தால் ஒன்று, பின்னே எடுத்து மிதித்தால் இன்னொன்று. பாலத்தின் தட்டுகள் இணையும் இடங்களில் மெல்லிய 'டக்'. பிறகு காரை மெதுவாக ஓட்டி ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்து நிறுத்தச் சொன்னார். சத்தமே இல்லை. ஹேண்ட் பிரேக் பின்சில்லுகளை மட்டும் பிடிப்பது, ஆகவே பின்பக்கம் விடுதலை.

அவர் விளக்கியது இதுதான். தேய்ந்த பிரேக் என்றால் சில்லுச் சுற்றும் கணக்குக்குச் சத்தம் திரும்பத் திரும்ப வரும். ஒரே ஒரு தடவை 'டொக்' என்று நின்றுவிட்டால் எங்கோ ஒரு மூட்டில் இடைவெளி இருக்கிறது. பிரேக் பிடித்ததும், சுழன்ற சில்லு தன்னைத் தாங்கும் அச்சையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கிறது. தளர்ந்த மூட்டு இடைவெளியின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பாய்கிறது. திசை மாறினால் திரும்பி வருகிறது.

முதலில் கீழ்க் கையை முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் கம்பியின் இறப்பர் புஷ்களைப் பார்த்தார். வெடித்திருந்தன. மலிவான சாமான், உடனே மாற்றினார். சத்தம் மழுங்கியது, போகவில்லை. வலது முன்பக்கத்தை ஜெக்கில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டு, மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டினார். ஆடியது. "இப்ப நீங்கள் ஏறிப் பிரேக்கை மிதிச்சுக்கொண்டிருங்கோ" என்றார். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பிரேக்கை மிதித்தால் பிரேக் ஷூவும் சுற்று உருளையும் ஒன்றாக இறுகிவிடும். ஆட்டம் பெயாரிங்கில் இருந்தால் அப்போது மறைந்துபோகும். மறையவில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்புத்தான் மறைந்தது.

மைனரில் முன்சில்லு திரும்புவதற்கான செங்குத்தான அச்சைக் கிங் பின் என்கிறார்கள். அதன் அடி முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ட்ரனியன் என்ற இரும்புக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். வீதி சில்லை மேலே தள்ள, ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி கீழ்க் கையை நிலத்தை நோக்கி அழுத்த, நடுவில் அந்த மூலையின் பாரம் முழுவதையும் இந்த மரைதான் இழுத்துப் பிடிக்கிறது. கிறீஸ் வற்றி உப்பீரம் சேர்ந்தால் மரை தேயும். தேய்ந்து ஒரு நாள் கழன்றால் சில்லு அப்படியே மடிந்து காருக்குள் சாயும், காரின் மூக்கு நிலத்தில் குத்தும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போதுதான் இது நடக்குமாம். எப்போதும் அப்படி நடக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். எங்கள் பாலத்தின் நடுவை நினைத்துப் பார்த்தேன். தேய்வு பல வருடத்துடையது, நின்ற மாதங்கள் அதைப் பேச வைத்தன, அவ்வளவுதான் என்றார் அவர்.

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். அடுத்த இரண்டு கிளினிக்குக்கும் உம்மாவைத் திரீவீலரில் கொண்டுபோனேன். தம்பி வந்து, "வித்துப் போடுங்க காக்கா, விலை ஏறிக் கிடக்கிற நேரம்" என்றான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து ஓடுகிற எல்லாவற்றுக்கும் விலை ஏறியிருந்தது உண்மைதான். ஆனால் அந்த மரையோடு விற்பதா? வாங்குகிறவன் வீட்டிலும் ஓர் உம்மா இருப்பார். திருத்தி விற்பதென்றால் பிறகு ஏன் விற்க வேண்டும் என்று உம்மாவே கேட்டுவிட்டார்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிங் பின்னும் ட்ரனியனும் சோடியாகக் கிடைத்தன. சோடியாகத்தான் போட வேண்டும், தேய்ந்த மரையோடு புதிய மரையைச் சேர்த்தால் புதியது சீக்கிரம் தேய்ந்துவிடும். முதல் பார்சலில் வந்தது இடப்பக்கத்துடையது. இரண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை என்பதால் மாற்றிப் போடவும் முடியாது. இன்னுமொரு கிழமை போனது. இங்கிலாந்தில் பாத் நகரிலிருந்த சார்ள்ஸ் வெயாரின் மொரிஸ் மைனர் நிலையத்துக்கு 1990களில் உதிரிப் பாகங்கள் இலங்கையில்தான் செய்து அனுப்பப்பட்டன. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு ட்ரனியனுக்காகப் பார்சல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றதை என்னவென்று சொல்வது!

பொருத்திய அன்று கழற்றிய மரையை அவர் என் உள்ளங்கையில் வைத்தார். கூர்மையாக இருக்க வேண்டிய வரிகள், பல் போன ஈறுபோல மழுமழுவென்றிருந்தன. கிறீஸ் அடிக்கும் முறையையும் காட்டித் தந்தார். சில்லு நிலத்தில் ஊன்றி நிற்கும்போது அடித்தால், பாரத்தில் மரைகள் ஒரு பக்கமாக நெருங்கியிருப்பதால் அங்கே கிறீஸ் போகாது. சில்லைத் தூக்கித் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பித் திருப்பி, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வந்து புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். முன்னையவர்கள் 1,000 மைலுக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்திருந்தார்கள். நான் மாதத்தின் முதல் வெள்ளி என்று வைத்திருக்கிறேன்.

இடது பக்கத்தையும் அதே மாதிரி ஆட்டிப் பார்த்தோம். ஆட்டம் கொஞ்சம்தான். முதல் பார்சலில் தவறி வந்த இடப்பக்கச் சோடியை நான் திருப்பி அனுப்பவில்லை. எண்ணெய் பூசி, பழைய பாடசாலை நாட்குறிப்பின் தாளில் சுற்றி, பின்சீற்றுக்கடியில் வைத்திருக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் அதையும் போடுவதாக அவரிடம் நாள் கேட்டிருக்கிறேன்.